பேனா பிடிக்கும் கையும் உழைக்கும் கையே

(வடசென்னைத் தொழிலாளர் குடும்பங்களின் வாலிபர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில், பத்திரிகை, வானொலி, டெலிவிஷன் ஆகிய தொழில்களில் சேருவது பற்றி நிகழ்த்திய உரை.)



ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நம் வீடுகளில் இப்போது ஒரு புதிய வழக்கு நடக்கிறது. பிளஸ் டூ முடித்த பையன், "பத்திரிகையில் சேரப் போகிறேன்" என்கிறான். பெண், "டெலிவிஷன் வேலைக்குப் படிக்கப் போகிறேன்" என்கிறாள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தகப்பனார், "ஐ.டி.ஐ.யில் பிட்டர் படி. கம்பெனியில் அப்ரண்டிஸாகப் போ. அது சோறு போடும். பேனா சோறு போடுமா?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியை நாம் கேலி செய்ய மாட்டோம். மாதம் முப்பது நாளும் வேலை இருக்குமா என்று கணக்குப் பார்த்தே வாழ்ந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? பொன்னேரிப் பக்கத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற தாயாரும் இதையேதான் கேட்கிறார்.

அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தொழில் நம்மைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொள்ளுமா? சேர்ந்தால் கூலி கிடைக்குமா? கூலி கிடைத்தால், போன பிள்ளை நம் பிள்ளையாகவே இருப்பானா? மூன்றுக்கும் மூடிமறைக்காமல் பதில் சொல்லத்தான் இன்றைக்குக் கூடியிருக்கிறோம்.

ஈய எழுத்துப் பெட்டியிலிருந்து எழுந்தவர்கள்

பத்திரிகைத் தொழில் படித்த குடும்பங்களின் பரம்பரைச் சொத்து என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

விந்தன் என்ற எழுத்தாளரை மூத்தவர்கள் அறிவார்கள். 1916இல் பிறந்த அவர் ஏழை வீட்டுப் பிள்ளை. அச்சாபீசில் கம்பாசிட்டராகத் தொழிலைத் தொடங்கினார். கம்பாசிட்டர் வேலை இன்றைய வாலிபர்களுக்குத் தெரியாது. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்து, தலைகீழாகக் கோத்து, வரியாக அடுக்கும் வேலை அது. நாள் முழுவதும் நிற்க வேண்டும், கண் கெடும், ஈயம் உடம்பில் ஏறும். 'ஆனந்த விகட'னிலும் பிறகு 'கல்கி'யிலும் பிறர் எழுதியதைக் கோத்த அந்தக் கை, கடைசியில் தானே எழுதத் தொடங்கியது. அவர் 'கல்கி'யில் உதவி ஆசிரியர் ஆனார். 1954இல் 'மனிதன்' என்று சொந்தமாகவே ஒரு பத்திரிகை நடத்தினார்.

இன்னொருவர் ஜெயகாந்தன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். சிறுவனாகச் சென்னைக்கு வந்து, 'ஜனசக்தி' அச்சகத்தில் வேலை செய்தார். தெருவில் நின்று பத்திரிகை விற்றார். அந்த அச்சகமும் கம்யூனிஸ்டுத் தோழர்களின் பேச்சும்தான் அவருக்குக் கல்லூரி. பின்னாளில் அவர் பாதை வேறாயிற்று. அது வேறு விஷயம். குடிசை ஜனங்களின் வாழ்க்கையை வைத்து அவர் எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்' படம் தேசிய விருது பெற்றது. 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பையனுக்கு!

இவர்களைச் சொல்வது எதற்காக? எல்லோரும் ஜெயகாந்தன் ஆகிவிடலாம் என்று ஆசை காட்டவா? இல்லை. இருவருமே தொழிலைக் கையால் கற்றவர்கள் என்பதற்காகச் சொல்கிறோம். எந்தச் சொல் எவ்வளவு இடம் பிடிக்கும், எந்த வாக்கியம் வாசிப்பவனைத் தடுக்கும் என்பதை அச்சாபீசு வேலையில் படித்தார்கள். லேத்தில் நிற்கிறவனுக்கு இரும்பின் குணம் தெரிவது போல, அவர்களுக்குச் சொல்லின் குணம் தெரிந்தது.

வடசென்னைக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. 1917 டிசம்பரில் 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியரானவர் திரு.வி.க. அதற்கு முன் அவர் கணக்கர் வேலை பார்த்தவர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளிகளின் கஷ்டத்தை எடுத்துச் சொல்ல ஆள் தேடிய செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் அந்தப் பத்திரிகை ஆசிரியரைத்தான் நாடினார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். மீனவர் குலத்தில் பிறந்த சிங்காரவேலர், 1923இல் இந்தச் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய அதே காலத்தில், 'தொழிலாளன்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை நடத்தினார்.

சங்கமும் பத்திரிகையும் இந்த ஊரில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக வளர்ந்தவை. ஆகவே "இது நமக்குச் சம்பந்தமில்லாத தொழில்" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

யார் கண்ணால் நம்மைப் பார்க்கிறார்கள்?

சரி, அது பழங்கதை. இன்றைக்கு என்ன அவசியம் வந்தது?

2017 ஜனவரி 28ஆம் தேதி அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கடலில் கொட்டியது. முதலில் வந்த அறிக்கை, சுற்றுப்புறத்துக்குப் பாதிப்பில்லை என்றது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் என்ன நடந்தது? கரிய குழம்பாக எண்ணெய் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் கூலியாட்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். காகிதம் ஒன்று சொல்லியது. கரை வேறொன்று சொல்லியது. கரையில் நின்று பார்த்தவன் சொன்ன பிறகுதான் காகிதம் மாறியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. படகு கறுத்தது, வலை கறுத்தது, வீட்டுச் சுவர் கறுத்தது. மீனவர்கள் செல்போனில் எடுத்த படங்கள் ஊரெங்கும் போயின, நிருபர்கள் வந்தார்கள், பத்திரிகையில் வந்தது, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், ஓர் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அன்றைக்கும் டெலிவிஷன் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன.

வந்தவர்களைக் குறை சொல்லவில்லை. நேர்மையாக எழுதிய நிருபர்கள் பலர். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செய்தி பிறந்த நாளில் எல்லோரும் வந்தார்கள். மூன்று மாதம் கழித்து, நாசமான வலைக்குப் பணம் வந்ததா என்று கேட்க எத்தனை பேர் வந்தார்கள்? மூச்சுத் திணறிய குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரிக்க யார் வந்தார்கள்? வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு எண்ணூர் ஒரு நாள் வேலை. எண்ணூரில் பிறந்தவனுக்கு அது ஆயுள் விஷயம்.

மற்ற நாட்களில் நம்மைப் பற்றி என்ன வருகிறது? வடசென்னை என்றால் கத்தி, கஞ்சா, ரவுடி. சினிமாவிலும் அதுவே, சேதியிலும் அதுவே. விடியற்காலம் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து, தெருத் தெருவாக விற்று, பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பும் தாய் எந்தச் செய்தியில் வருகிறாள்? கன்டெய்னர் லாரி வரிசையில் நாள் கணக்கில் காத்துக் கிடக்கும் டிரைவர் எந்தச் செய்தியில் வருகிறான்?

நம் தெருவின் பெயரும், நம் பேச்சின் அர்த்தமும், எந்தக் காற்றடித்தால் எந்த ஆலையின் நாற்றம் வரும் என்பதும் தெரிந்த நிருபர் வேண்டும். அந்த அறிவை எந்தக் கல்லூரியும் விற்பதில்லை. அது நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கும் முதல். "நான் திருவொற்றியூர்க்காரன்" என்று சொல்லக் கூசும் பிள்ளை, கையிலுள்ள முதலைக் கடலில் எறிகிறான்.

தொழில் என்பது முகம் காட்டுவதல்ல

வாலிபர்களே, ஒரு விஷயத்தை இப்போதே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டெலிவிஷனில் தெரியும் முகம் ஒன்று. அதற்குப் பின்னால் உழைக்கும் கைகள் பல.

கப்பலில் சரக்கு இறங்க வேண்டுமானால் கிரேன் ஓட்டுகிறவர், கீழே சரக்கைக் கட்டி மாட்டுகிறவர், கணக்கெழுதும் டாலி கிளார்க், லாரி டிரைவர் எல்லோரும் வேண்டும் அல்லவா? செய்தியும் அப்படித்தான் இறங்குகிறது. நிருபர் சேதி கொண்டுவருகிறார். ஒளிப்பதிவாளர் படம் எடுக்கிறார். உதவி ஆசிரியர் பிழை திருத்தி, தலைப்பிடுகிறார். படத்தொகுப்பாளர் வேண்டியதை வெட்டி ஒட்டுகிறார். ஒலிப்பதிவாளர் குரலைக் காப்பாற்றுகிறார். பக்கம் வடிவமைப்பவர், மொழிபெயர்ப்பவர், அச்சு இயந்திரம் ஓட்டுபவர், விடியுமுன் கட்டுப் பிரித்து வீடு வீடாகப் போடும் பையன், இத்தனை பேரும் சேர்ந்தால்தான் ஒரு நாள் பத்திரிகை.

முகத்துக்கு ஆசைப்பட்டுப் போகிறவன் முகம் கிடைக்காவிட்டால் திரும்பி வருவான். கைவேலை கற்றுப் போகிறவன் நிற்பான். ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் பிட்டர் வேலையைப் போலவே கருவி பிடிக்கும் வேலை. கற்றவனுக்கு ஓரிடத்தில் இல்லாவிட்டால் இன்னோரிடத்தில் வேலை உண்டு.

எங்கே கற்பது? தரமணியில் சர்க்காரின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு ஆகியவற்றைப் பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் பட்டப் படிப்பாகச் சொல்லிக்கொடுக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலைப் படிப்பு உண்டு. 2025இல் தமிழ்நாடு அரசு கோட்டூர்புரத்தில் சென்னை இதழியல் நிறுவனத்தைத் தொடங்கி, பட்டதாரிகளுக்கு ஓராண்டு டிப்ளமா நடத்துகிறது. தனியார் நிறுவனங்களில் லட்சக் கணக்கில் கட்டணம் கேட்கிறார்கள். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன், உதவித்தொகை உண்டா என்று கேளுங்கள். அங்கே படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம். விளம்பரம் எழுதுவதும் இதே தொழிலின் ஒரு பிரிவுதான் என்பதை மறக்க வேண்டாம்!

2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது. தூரம் ஒரு காரணமல்ல. பயம்தான் காரணம்.

காசில்லாமல் கற்கும் பாடம்

கல்லூரிக்குப் போகுமுன்பே, நம் தெருவிலேயே தொடங்கக்கூடிய பாடம் ஒன்று உண்டு. நம் தெருக் குழாயில் சாக்கடைத் தண்ணீர் கலந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஐயோ அநியாயம், அதிகாரிகள் தூங்குகிறார்கள்" என்று செல்போனில் கத்திப் படம் போட்டால் நூறு பேர் பார்ப்பார்கள், தண்ணீர் மாறாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில், நீங்களே கண்ணால் பார்த்தது: எந்தத் தெரு, எத்தனை குழாய், எந்தத் தேதி, என்ன நிறம். இரண்டாம் பத்தியில், பிறர் சொன்னது: யார் சொன்னார், அவர் நேரில் பார்த்தாரா, கேட்டதைச் சொல்கிறாரா. மூன்றாம் பத்தியில், காகிதத்தில் உள்ளது: புகார் மனு, ரசீது, டாக்டர் சீட்டு. பிறகு குடிநீர் வாரிய என்ஜினீயரிடம் போய், அவர் சொல்லும் பதிலையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார் என்று எழுதுங்கள்.

காகிதம் கிடைக்கவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுக் கொடுத்தால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆலையின் புகை அளவு, சாலை டெண்டர் தொகை, ரேஷன் கடை இருப்பு என்று எதையும் கேட்கலாம்.

இந்த மூன்று பத்திகளையும் கலக்காமல் எழுதக் கற்றவன் பாதி நிருபர் ஆகிவிட்டான். கலந்து எழுதுகிறவன் எத்தனை பட்டம் பெற்றாலும் வம்பு பேசுகிறவன்தான். நம் பக்கம் நியாயம் இருக்கும்போதுதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். பத்து உண்மைக்கு நடுவே ஒரு பொய் இருந்தால், எதிரி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு பத்தையும் பொய் என்பான்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவதூறு இன்றும் கிரிமினல் குற்றம். 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளத்தையோ வெளியிட 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் தடை விதிக்கிறது. செல்போன் கையிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும்.

பேசும் உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1950இல் பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் வரக் கூடாது என்று சென்னை சர்க்கார் தடை போட்டது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். அந்த ஆண்டு மே 26இல் கோர்ட்டு தடையை ரத்து செய்தது. நாடெங்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கு எடுத்துக்காட்டும் அந்த வழக்கு நம் ராஜ்யத்துத் தடையிலிருந்து பிறந்தது.

நம்மைப் போன்றவர்கள் செய்து காட்டியது

உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூடம் என்ற ஜில்லா. வறண்ட பூமி, ஜாதிக் கொடுமை மிகுந்த பிரதேசம். அங்கே 2002இல் கிராமத்துப் பெண்கள் சேர்ந்து 'கபர் லஹரியா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். பலர் தலித் பெண்கள், அதிகம் படிக்காதவர்கள். தங்கள் வட்டாரப் பேச்சிலேயே எழுதினார்கள். ஆண் நிருபர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்கள் கிராமம் கிராமமாக நடந்து போய்ச் சேதி சேகரித்தார்கள். 2009இல் யுனெஸ்கோ பரிசு வந்தது. பிறகு செல்போன் காமிராவுக்கு மாறினார்கள். அவர்கள் வேலையைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2022இல் ஆஸ்கார் போட்டி வரை போனது. களையெடுக்கப் போகும் நம் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் தமிழ்நாட்டில், பாம்பனில், 2016 ஆகஸ்டு 15இல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி தொடங்கியது. மீனவர்களுக்காகவே நடப்பது. காற்று எப்படி, கடல் எப்படி, வலை விஷயம் என்ன என்பதை மீனவர் பேச்சிலேயே சொல்லுகிறது.

மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் தாயின் மகன் எம். பழனிக்குமார். கடன் வாங்கித்தான் முதல் காமிரா வாங்கினார். மலக்குழியில் இறங்கிச் சாகும் தொழிலாளிகளையும், கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும் படம் எடுத்தார். 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவு அவருடையது. சாய்நாத் 2014இல் தொடங்கிய கிராமப்புற மக்கள் ஆவணக் களஞ்சியமான 'பாரி'யில் அவர் வேலை செய்கிறார். 2022இல் தயானிதா சிங் பெயரிலான ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர்தான். தன் அம்மாவை, அவர் சுமக்கும் மீன் கூடையை, அவர் படமாக எடுத்திருக்கிறார். வெட்கப்பட்டு மறைக்கவில்லை; அதையே உலகத்துக்குக் காட்டினார். காசிமேட்டுப் பிள்ளைகளே, கேட்டீர்களா?

கூலியும் சங்கமும்

இனி தகப்பனார் கேட்ட கேள்விக்கு வருவோம். சோறு போடுமா?

போடும், ஆனால் சுலபமாகப் போடாது. இந்தத் தொழிலிலும் முதலாளி இருக்கிறார், காண்டிராக்ட் இருக்கிறது, ஆட்குறைப்பு இருக்கிறது. "பயிற்சி" என்ற பெயரில் மாதக் கணக்கில் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிற இடங்கள் உண்டு. பகுதி நிருபர்களுக்குச் சேதிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கொடுக்கிறார்கள். விளம்பரம் பிடித்துக் கொடுத்தால்தான் வேலை என்கிற இடமும் உண்டு. யூடியூபில் சொந்தமாக நடத்துகிறவனுக்கு முதலாளி கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். வருமானத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அவன் கையில்.

இதற்கெல்லாம் எதிராகப் பத்திரிகைத் தொழிலாளர்கள் போராடிச் சில உரிமைகளைப் பெற்றார்கள். 1955இல் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் வந்தது. நான்கு வாரத்தில் 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; நீக்குவதானால் ஆசிரியருக்கு ஆறு மாதம், மற்றப் பத்திரிகையாளருக்கு மூன்று மாதம் நோட்டீஸ் தர வேண்டும்; சம்பளம் நிர்ணயிக்க வாரியம் அமைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. 2011 நவம்பரில் மஜீதியா வாரியத்தின் சம்பள விகிதம் அறிவிக்கப்பட்டது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2014 பிப்ரவரி 7இல் சுப்ரீம் கோர்ட்டு தொழிலாளிகள் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகும் அந்தச் சம்பளம் கைக்கு வரவில்லை என்று பல ஊர்த் தொழிலாளிகள் மறுபடி கோர்ட்டு ஏறினார்கள்.

2025 நவம்பர் 21இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தபோது 1955ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. புதிய தொகுப்பில் டெலிவிஷன், டிஜிட்டல் பத்திரிகையாளர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள்; 144 மணிக் கணக்கும் இருக்கிறது. ஆனால் பத்திரிகையாளருக்கென்று தனிச் சம்பள வாரியம் அமைக்க வழிசெய்த சட்டம் இன்று இல்லை. இதன் அர்த்தம் ஆலைத் தொழிலாளிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டம் இருந்தபோதே கூலி வாங்கச் சங்கம் வேண்டியிருந்தது. இனி இன்னும் அதிகமாக வேண்டும்.

எனவே வேலையில் சேரும் பிள்ளைக்கு நாம் சொல்லும் புத்தி இது. நியமனக் கடிதம் இல்லாமல் சேராதே. சம்பளச் சீட்டைப் பத்திரமாக வை. பி.எப். பிடிக்கிறார்களா என்று பார். பத்திரிகையாளர் சங்கத்தில் சேரு. "நான் கழுத்தில் அட்டை மாட்டியவன், எனக்கு எதற்குச் சங்கம்?" என்று நினைக்காதே. அட்டை முதலாளியுடையது; கழுத்துதான் உன்னுடையது.

பெண் பிள்ளைகள் விஷயமும் சொல்ல வேண்டும். இரவு ஷிப்டு இந்தத் தொழிலில் தவிர்க்க முடியாதது. வீடு சேர வண்டி உண்டா, தொல்லை நேர்ந்தால் புகார் சொல்ல 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கமிட்டி இருக்கிறதா என்று சேருமுன்பே கேட்பது பெண்ணின் உரிமை. கேட்கிறவளை அடங்காதவள் என்று வீட்டார் ஏசக் கூடாது.

ஒரு வார்த்தை எச்சரிக்கையாகவும். பணம் கொடுத்தால் "பிரஸ்" அட்டை தருகிறோம் என்று அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அட்டையை மாட்டிக்கொண்டு, வண்டியில் எழுதி ஒட்டிக்கொண்டு, கடைக்காரனையும் தள்ளுவண்டிக்காரனையும் மிரட்டி மாமூல் கேட்கிறவன் பத்திரிகைக்காரன் அல்ல. பெரிய இடத்தில் கவர் வாங்கிக்கொண்டு சேதியை விழுங்குகிறவனும் அப்படியே. மூன்றாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. போன பிள்ளை நம் பிள்ளையாகவே இருப்பானா? எழுதாமல் விட்டதற்குக் காசு வாங்காதவரை இருப்பான். உழைப்பதற்குக் கூலி, உண்மையை எழுதுவதற்குத் துணிவு, இரண்டையும் அவனுக்குச் சங்கமும் தெருவும் கொடுத்துக்கொண்டிருந்தால் இருப்பான்.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே! பிள்ளை இந்தத் தொழிலைக் கேட்டால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "தினம் என்ன படிக்கிறாய்?" படிக்காமல் ஆசை மட்டும் சொன்னால் கண்டியுங்கள். தினம் இரண்டு பத்திரிகை படித்து, இரண்டும் ஒரே சேதியை எப்படி வேறு வேறாக எழுதியிருக்கின்றன என்று அவன் காட்டினால், தடுக்காதீர்கள்.

சங்கத் தோழர்களே! டீக்கடையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்ட காலம் இருந்தது. அதிலேதான் நம்மில் பலர் உலகத்தைத் தெரிந்துகொண்டோம். இன்று பத்துப் பேரும் பத்து செல்போனைப் பார்த்துக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருக்கிறோம். படிப்பகங்களைத் திறந்து வையுங்கள். கேட் மீட்டிங் நோட்டீசை வாலிபர்களிடம் எழுதக் கொடுங்கள். அரைப் பக்கத்தில் ஒரு கோரிக்கையைப் படிக்காதவனுக்கும் புரியும்படி எழுத முடிந்தவன், எந்தப் பத்திரிகையிலும் எழுதுவான்.

வாலிபர்களே! நல்ல தமிழை விடாதீர்கள். இங்கிலீஷும் கற்றுக்கொள்ளுங்கள்; சர்க்கார் காகிதமும் கம்பெனிக் காகிதமும் பெரும்பாலும் அந்தப் பாஷையில்தான் ஒளிந்திருக்கின்றன. கணக்கை வெறுக்காதீர்கள், டெண்டரும் பட்ஜெட்டும் கணக்கில்தான் பேசுகின்றன. நாளைக் காலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி மூன்று பத்தி போடுங்கள். உங்கள் தெருவில் இந்த வாரம் நடந்த ஒன்றை எழுதுங்கள். எழுதியதைத் தகப்பனாருக்குப் படித்துக் காட்டுங்கள். "இது இப்படி இல்லையப்பா" என்று அவர் ஒரு இடத்தில் திருத்தினால், திருத்திக்கொள்ளுங்கள். அவர்தான் உங்கள் முதல் ஆசிரியர்.

அடுத்த முறை எண்ணூர் முகத்துவாரம் கறுக்கும்போது, முதலில் வரும் நிருபர் நெட்டுக்குப்பத்துப் பெண்ணாக இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி போய் விசாரிக்கிறவளும் அவளாகவே இருக்கட்டும்.